பார்க்காத வீடியோ

மார்ச் 9, ஞாயிறு

ஜவ்வரிசி வற்றலுக்கு எத்தனை பங்கு தண்ணீர் என்று ஒரே ஒரு விஷயம்தான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. அரிசிக்கூழ் வற்றல் என்றால் யாரிடமும் கேட்க மாட்டேன். ஜவ்வரிசியில் இதுவரை போட்டதில்லை. என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். இவருக்குத் தெரியும் என்பதற்காக அல்ல, போன் இவர் கையில் இருந்தது.

இவர் போட்ட வீடியோவில் ஒரு பெண் வந்து வணக்கம் சொன்னாள். தன் வீட்டு மாடியைக் காட்டினாள். மாடியில் உட்கார்ந்திருந்த மாமியாரைக் காட்டினாள். பாவம், அந்தம்மா அவசரமாகச் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார். ஜவ்வரிசி எந்த ஊரில் விளைகிறது என்று கொஞ்ச நேரம் போனது. பிறகு, மறக்காமல் மணியை அழுத்துங்கள் என்று கெஞ்சினாள். கோயிலில்கூட மணி அடிக்கச் சொல்லி என்னை யாரும் கெஞ்சியதில்லை. கடைசியில் தண்ணீர் அளவைச் சொல்ல வாயைத் திறந்தாள். அவள் வீட்டுக் குக்கர் விசிலடித்தது.

"திருப்பிப் போடுங்க" என்றேன். திருப்பினால் மறுபடியும் மாமியார்.

"கொஞ்சம் பொறுமை வேணும்ளா" என்றார் இவர்.

"ஊறப் போட்ட ஜவ்வரிசிக்குப் பொறுமை உண்டு. எனக்கு எதுக்கு?" என்றேன்.

எழுதி வைத்திருந்தால் அரை வரி. வேண்டிய இடத்துக்குக் கண் நேராகப் போகும். கை மாவாக இருந்தாலும் எட்டிப் பார்த்துக்கொள்ளலாம். தாள் யாரையும் அவசரப்படுத்தாது, காக்கவும் வைக்காது.

இன்றைய கணக்கு: ஜவ்வரிசி ஒரு கிலோ, பச்சை மிளகாய், எலுமிச்சை. போனது ஒரு காலைப்பொழுது. அதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியவில்லை.

மார்ச் 13, வியாழன்

எதிர்வீட்டு வடிவு வந்து வற்றல் பக்குவம் கேட்டாள். காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கம் எழுதிக் கொடுத்தேன். தெருவில் எனக்குத் துண்டுச்சீட்டு அக்கா என்று பேர் வைத்திருக்கிறார்களாம், அவளே சொன்னாள். வைக்கட்டும். என் சீட்டைப் பார்த்துப் போட்ட வற்றல் எதுவும் இதுவரை களியானதில்லை.

இவர் பேப்பரை நிறுத்தச் சொல்கிறார். "பேப்பர்ல என்னளா இருக்கு? எல்லாத்தையும் இதுலயே சொல்லுதான்" என்று போனைக் காட்டினார். பத்திரப்பதிவு ஆபீஸில் சர்வீஸ் முழுக்க எழுத்தோடு கிடந்த மனிதர் பேசுகிற பேச்சா இது? பேப்பரில் டெண்டர் அறிவிப்பைக்கூட விடாமல் வாசித்தவர். பொங்கலுக்குப் பிறகுதான் இந்த வீடியோப் பைத்தியம். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக நோட்டீஸ், மருந்து டப்பா என்று கையில் கிடைத்ததையெல்லாம் வாசித்து வாசித்துத்தான் மிச்சத்தைப் படித்தேன். பேப்பரை நிறுத்த மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

"அப்ப நீயே வாசி" என்றார். வாசித்தேன், சத்தமாக. நான் முடிக்கிற வரைக்கும் அலமாரியில் எதையோ தேடுகிற மாதிரி நின்றார். ஒன்றையும் எடுக்காமல் போனார்.

மார்ச் 17, திங்கள்

கூடத்து டியூப்லைட்டைப் பெரிசாக மாற்றினார். பழையது மங்கலாம். எனக்கு அப்படித் தெரியவில்லை.

மார்ச் 20, வியாழன்

அம்பாசமுத்திரத்தில் அவருடைய பழைய ஆபீஸ் நண்பர் வீட்டுக் கல்யாணம். எனக்கு இடுப்பு வலி, அவர் மட்டும் போனார். மத்தியானமே திரும்பிவிட்டார்.

"கல்யாணம் எப்பிடி?"

"ஜோரா நடந்துது."

"என்ன பாயசம்?"

கொஞ்சம் யோசித்து, "நல்ல பாயசம்" என்றார். கையில் தாம்பூலப் பை இல்லை. வந்ததும் பழைய சாதத்தை மோர் ஊற்றிச் சாப்பிட்டார்.

சாயங்காலம் வடிவு வீட்டுக்காரர் சொன்னார், அண்ணாச்சியைச் சுரண்டை பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் பார்த்தாராம். அம்பாசமுத்திரம் எங்கே, சுரண்டை எங்கே. பஸ் நெற்றியில் ஊர்ப் பேர் எழுதித்தான் இருக்கும். நான் இவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. மொய்க்கவர் சட்டைப் பையிலேயே இருந்தது. எடுத்துப் பத்திரப்படுத்தினேன்.

உப்பு, சர்க்கரை, சோடா உப்பு டப்பாக்களில் கட்டை எழுத்தில் பேர் எழுதி ஒட்டினேன். எனக்காகத்தான். வயசாகிறது.

மார்ச் 24, திங்கள்

காலனிப் பிள்ளையார் கோயில் செயலாளர் ஆறுமுகநயினார் வந்தார். புதுப் பஞ்சாங்கத்தை மஞ்சள் தடவித் தட்டில் வைத்துக் கொண்டுவந்தார். சித்திரை ஒன்றாம் தேதி கோயிலில் பஞ்சாங்கம் வாசிப்பது என் வீட்டுக்காரர்தான். பட்டருக்கு அன்றைக்கு நாலு கோயில். அதனால் இவர் ரிட்டயர் ஆன வருஷத்திலிருந்து இவருக்கே வந்துவிட்டது. யார் ராஜா, யார் மந்திரி, எத்தனை மழை, எந்த ராசிக்கு என்ன பலன் என்று இவர் வாசித்தால் மைக் தேவையில்லை. இந்தத் தெருவில் இவருக்கு இருக்கிற மரியாதையில் பாதி அந்த ஒரு நாளில் சம்பாதித்தது.

"அண்ணாச்சி, மைக் செட்டுக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சு. இந்தத் தடவ பஞ்சாயத்துத் தலைவரு வாராரு" என்றார் நயினார்.

"வரட்டும், வரட்டும்."

"எம் மகர ராசிக்குக் கொஞ்சம் பாத்து வாசிங்க. ஏழரைச் சனி புடிச்சு ஆட்டுது. மாடி வீட்டப் பாதியில நிறுத்தி வச்சிருக்கேன், சனி போகட்டும்னு."

"நான் என்னடே செய்ய? உள்ளதத்தான் வாசிப்பேன்."

அவர் போனதும் இவர் புத்தகத்தைக் கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தார். ஜன்னலோரம் கொண்டுபோனார். வாசலுக்குக் கொண்டுபோனார். உள்ளே வந்து மேசை இழுப்பறையில் வைத்து மூடினார். பஞ்சாங்கத்து எழுத்து கடுகைக் கொட்டின மாதிரிதான் எப்போதும் இருக்கும்.

மார்ச் 26, புதன்

சென்னையிலிருந்து மகள் செண்பகம் பேசினாள். "எம்மா, அப்பா இப்பல்லாம் எனக்கு ஒரு வரி எழுதுறதில்ல. எல்லாம் வாய்ஸ் மெசேஜ்தான். கண்ணு காட்டுனீங்களா?"

ஸ்பீக்கரில் போட்டிருந்தது என் தப்பு. இவர் அடுத்த அறையிலிருந்து கத்தினார். "என் கண்ணுக்கு என்ன? கரையான் தின்ன பத்திரத்தையே வாசிச்ச கண்ணு இது! எங்க சித்தப்பாவும் இப்பிடித்தான் ஆப்பரேஷன் ஆப்பரேஷன்னு போயி ஒத்தக் கண்ணோட வந்தாரு. எவனும் எங் கண்ணுல கத்தி வைக்கக் கூடாது!"

சித்தப்பா காலத்து ஆப்பரேஷன் வேறு, இப்போது வேறு என்று செண்பகம் சொன்னாள். சொல்லி முடிக்கும் முன்னால் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். ஒரு கால் அவர் செருப்பு, ஒரு கால் என் செருப்பு. நான் கூப்பிட்டுச் சொல்லவில்லை. தெருவில் யாரும் கவனிக்காமல் இருக்கப் பிள்ளையாரை வேண்டிக்கொண்டேன்.

ஏப்ரல் 2, புதன்

பின் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிறார். உள்ளேயிருந்து ஒரு ஆண்குரல் கேட்கிறது, புது வருஷப் பஞ்சாங்க பலன்கள் என்று. ஒரு வரி சொல்கிறது, நிற்கிறது. அதே வரியை இவர் சொல்கிறார். மறுபடி குரல், மறுபடி இவர். பஞ்சாங்கம் கூடத்து இழுப்பறையில்தான் இருக்கிறது.

மனப்பாடம் பண்ணுகிறார்.

ரசம் பொங்கி அடுப்பெல்லாம் ஆகிவிட்டது. துடைத்துவிட்டுப் போய்க் கதவைத் தட்டினேன். "ஏங்க, பஞ்சாங்கத்தப் பெரிய எழுத்துல ஒரு நோட்டுல எழுதித் தரட்டா? மைக்குல நின்னு வாசிக்க வசதியா இருக்கும்."

"நான் என்ன எல்கேஜி புள்ளையா?"

"அதுக்கில்ல..."

"போ, போயி அடுப்பப் பாரு. கருகுன வாசம் வருது."

கருகவில்லை. மூக்கிலும் கோளாறு என்று எழுதினால் பாவம், எழுதவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

இன்று சாப்பிடும்போது வாய்க்குள்ளேயே ஓட்டிப் பார்த்தார். தனுசுக்கு இப்படி, மகரத்துக்கு இப்படி என்று நல்ல தாளக்கட்டோடு போய்க்கொண்டிருந்தது. அதே தாளக்கட்டில், "நண்பர்களுக்கும் பகிருங்கள், பெல் பட்டனை" என்று சொல்லி, சட்டென்று நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் கூட்டு வைக்கட்டா?" என்றேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

பங்குனி உத்திரம். சாஸ்தா கோயிலுக்குப் போய்ப் பொங்கலிட்டு வந்தோம். வேண்டிக்கொண்டேன். என்ன வேண்டிக்கொண்டேன் என்று இங்கே எழுத வேண்டியதில்லை, அவருக்குத் தெரியும். சாஸ்தாவைச் சொல்கிறேன்.

ஏப்ரல் 14, திங்கள், சித்திரை ஒன்று

எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. கனி பார்த்தோம், குளித்தோம், கோயிலுக்குப் போனோம். அதுவரை எல்லாம் சரி.

கோயில் முன்னால் தெருவே கூடியிருந்தது. பஞ்சாயத்துத் தலைவர் முன் நாற்காலியில். இவர் பட்டுக்கரை வேட்டியில் புத்தகத்தை நெஞ்சுக்கு நேரே விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் பெண்கள் பக்கத்தில் முதல் ஆளாக, அவர் கையெட்டும் தூரத்தில் உட்கார்ந்தேன். வேறு காரணம் இல்லை, அங்கே காற்று வந்தது.

விசுவாவசு வருஷம் என்று ஆரம்பித்தார். என்ன குரல்! ராஜா சொன்னார், மந்திரி சொன்னார், மழை சொன்னார். நடுநடுவே பக்கம்கூடத் திருப்பினார். பெல் பட்டன் வரவில்லை.

ராசி பலன் வந்தது. "சனி பகவான் பங்குனியிலேயே மீனத்துக்குப் போய்விட்டார். மகர ராசிக்காரர்களுக்கு ஏழரைச் சனி முடிந்தது. மேஷ ராசிக்கு ஆரம்பம்" என்றார்.

மைக் பக்கத்தில் நின்ற நயினார், "அப்பாடா!" என்றார். அது ஸ்பீக்கரில் மூன்றாம் தெரு வரைக்கும் கேட்டிருக்கும். கண்ணில் தண்ணீர் விட்டார். தெருவுக்கே சர்க்கரைப் பொங்கல் என்று அறிவித்தார். அங்கேயே போனை எடுத்து, "ஏ மேஸ்திரி, நாளைக்கே வந்து மாடி வேலையத் தொடங்கு" என்று ஆரம்பித்துவிட்டார். என் பக்கத்தில் வடிவு நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். "யக்கா, நான் மேஷம்லா. சனி எனக்கு வந்தாச்சா? அதான் நேத்துக் கிரைண்டர் கல்லு உடைஞ்சுதோ?"

எங்கள் கோயிலுக்கு வாக்கியப் பஞ்சாங்கம். திருக்கணிதம் என்று இன்னொரு வகை உண்டு. இரண்டும் ஒரே வானத்தைத்தான் பார்க்கின்றன, ஆனால் சனி வீடு மாறுகிற நாளில் இந்தத் தடவை ஏறக்குறைய ஒரு வருஷம் வித்தியாசம். எங்கள் புத்தகத்தில் பெயர்ச்சி அடுத்த மாசியில்தான். நான் இழுப்பறையிலிருந்து எடுத்து வாசித்திருக்கிறேன். இவர் மனப்பாடம் பண்ணின வீடியோக்காரர் திருக்கணிதக்காரர்.

அந்த நேரம் பார்த்துப் பட்டர் மொபெட்டில் வந்து இறங்கினார். "யாருக்குச் சனி முடிஞ்சுது? நம்ம பஞ்சாங்கத்துல அடுத்த மாசியிலன்னா போட்டிருக்கு?"

நயினார் மேஸ்திரியை லைனிலேயே நிறுத்திவைத்துவிட்டு, "அண்ணாச்சி, அந்த வரிய இன்னொருக்க வாசிங்க" என்றார்.

இவர் புத்தகத்தைக் குனிந்து பார்த்தார். பக்கத்தைத் திருப்பினார். இன்னொன்றைத் திருப்பினார். விரலை வைத்துத் தேடினார். "சும்மா சொல்லுங்க அண்ணாச்சி, எந்தப் பக்கம்?" என்று நயினார் எட்டிப் பார்த்தார். இவர் விரல் ஓரிடத்தில் நின்றது. அது பல்பொடி விளம்பரம்.

அவர் கழுத்தில் வேர்வை இறங்குவது எனக்குத் தெரிந்தது. நான் எழுந்துவிட்டேன்.

"அவரச் சொல்லாதீங்க தம்பி. தப்பு எம்மேலதான். மைக்குல நிக்கதுக்கு வசதியா இருக்கும்னு, நான்தான் வீடியோவப் பாத்து எழுதிக் குடுத்தேன். அந்த வீடியோ திருக்கணிதம் போல. பொஞ்சாதி எழுதுனதாச்சேன்னு அவரு அப்பிடியே நம்பிப் படிச்சு வச்சுட்டாரு."

சன்னதிக்கு நேரே நின்று சொன்னேன். பிள்ளையாரைப் பார்க்கவில்லை.

நயினார், "மதினி... நீங்களா? வீடியோவா?" என்றார். தெருவே சிரித்தது. "துண்டுச்சீட்டு அக்காவே யூடியூப்புக்குப் போயாச்சு டோய்" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள். "போன வாரம் நான் கொழுக்கட்ட வீடியோ பாத்ததுக்கு என்னா ஏச்சு ஏசினீங்க யக்கா!" என்றாள் வடிவு. தலைவரும் சிரித்தார். யாரும் இவரைப் பார்க்கவில்லை. அது போதும்.

நான் புத்தகத்தை வாங்கி, மைக்கில் சரியான வரியை வாசித்தேன். வடிவு, "ஒரு வருஷம் லாபம்" என்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். நயினார் போனைக் காதில் வைத்து, "மேஸ்திரி, இல்லப்பா. மாசிக்கப்புறம் பாத்துக்கிடலாம்" என்றார். பொங்கல் அறிவிப்பை மட்டும் வாபஸ் வாங்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து வேப்பம்பூப் பச்சடியோடு சாப்பிட்டோம். கை கழுவி வந்து நின்றுகொண்டே கேட்டார்.

"ஆஸ்பத்திரிக்கு எப்பப் போலாம்?"

"நாளைக்கு."

"நாளைக்குச் செவ்வாக்கிழமைலா?"

செவ்வாயில் எதையும் தொடங்கக் கூடாது என்று இந்த வீட்டில் சட்டம் போட்டதே நான்தான். "இருந்துட்டுப் போகட்டும்" என்றேன்.

ஏப்ரல் 15, செவ்வாய்

இரண்டு கண்ணிலும் புரை. வலது கண் முற்றிவிட்டது. 23ஆம் தேதி ஆப்பரேஷன், அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாமாம்.

சுவரில் இருந்த எழுத்துப் பலகையை வாசிக்கச் சொன்னார்கள். இவர் மேலிருந்து கீழே மளமளவென்று சொல்லிவிட்டார். நர்ஸ் பெண் அசந்துபோனாள். நானும்தான். அப்புறம் அவள் பலகையைத் திருப்பி வேறு எழுத்தைக் காட்டினாள். இவர் அதே எழுத்துகளை அதே வரிசையில் மறுபடியும் சொன்னார். முன்னால் போனவர் வாசித்ததை வரிசையில் உட்கார்ந்து கேட்டு மனப்பாடம் பண்ணியிருக்கிறார்.

"தாத்தா, பரீட்சைக்கு வந்தீங்களா, கண்ணக் காட்ட வந்தீங்களா?" என்றாள் அந்தப் பெண்.

இவர் சிரித்துவிட்டார். ரொம்ப நாளைக்குப் பிறகு.

ஏப்ரல் 16, புதன்

சங்கடஹர சதுர்த்தி. கோயிலுக்கு எப்படிப் போவது என்று தயங்கித் தயங்கித்தான் போனேன். சன்னதியிலேயே நின்று பொய் சொன்னவள். தோப்புக்கரணம் போட்டுக் கழித்துவிடலாமென்றால், மூட்டு மூன்றாவதிலேயே பிடித்துக்கொண்டது. தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நயினார் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "மதினி, ஒரு உதவி. அன்னைக்குப் பாத்தீங்கள்ளா, அந்த வீடியோவ எனக்கு அனுப்புங்க."

"எதுக்குத் தம்பி?"

"எனக்கு அந்தப் பஞ்சாங்கம்தான் புடிச்சிருக்கு."

பார்க்காத வீடியோவை நான் எங்கிருந்து அனுப்புவேன்? "தேடி எடுத்து அனுப்புதேன்" என்று சொல்லி வைத்தேன். அதாவது முந்தின பொய்க்கு ஒரு குட்டிப் பொய். இப்படியே போனால் பிள்ளையாருக்கு நான் எத்தனை தோப்புக்கரணம் பாக்கி வைப்பது?

வீட்டுக்கு வரும் வழியில்தான் ஒரு வழி தோன்றியது. நான் பார்த்தேன் என்றும் எழுதினேன் என்றும் சொன்னேன். முன்னால் செய்யாததைப் பின்னால் செய்துவிட்டால், சொன்னது முழுப் பொய்யாக இருக்காது. தேதிதான் கொஞ்சம் முன்னே பின்னே ஆகும்.

ஏப்ரல் 23, புதன்

நல்லபடியாக முடிந்தது. உள்ளே கூட்டிக்கொண்டு போகும்போது என் கையை விடவில்லை. நர்ஸ்தான் பிரித்துவிட்டாள். வெளியே உட்கார்ந்து கவசம் சொன்னேன். நடுவில் வரி மறந்துவிட்டது, இந்த வயசுக்கு முதல் தடவையாக.

சொட்டு மருந்து எப்படி விடுவது என்று விளக்க ஒரு வீடியோ அனுப்புவார்களாம். தாளில் எழுதித் தரச் சொன்னேன். "எல்லாரும் வீடியோதான் கேக்காங்கம்மா" என்றாள் அந்தப் பெண். நான் நகரவில்லை. எழுதிக் கொடுத்தாள்.

ஏப்ரல் 25, வெள்ளி

இவர் கறுப்புக் கண்ணாடி போட்டு, எண்ணெய் தேய்க்காத தலையோடு, சினிமா வில்லன் மாதிரி கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார். காலையில் வலது கண்ணால் என்னைப் பார்த்துவிட்டு, "நீ இம்புட்டு நரைச்சுட்டியாளா?" என்றார். ஆப்பரேஷன் பண்ணினதில் எனக்குக் கிடைத்த லாபம் இதுதான்.

மத்தியானம் விளக்கேற்றி, பிள்ளையார் படத்துக்கு முன்னால் போனை நிறுத்தி வைத்தேன். நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டேன்.

"அந்தப் பஞ்சாங்க வீடியோ எது? போடுங்க" என்றேன்.

"எதுக்கு?"

"நான் பாத்து எழுதணும்."

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் கண்ணாடியைக் கழற்றப் போனார். கழற்றக் கூடாது, டாக்டர் சொல்லியிருக்கிறார், கையைத் தட்டிவிட்டேன். "போட்டுக்கிட்டே சும்மா இருங்க" என்றேன். அவர் சும்மா இருக்கவில்லை. கொஞ்ச நேரம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு இருந்தார். சொட்டு மருந்து தொண்டையில் இறங்கினால் அப்படி ஆகுமாம்.

முக்கால் மணி நேரம். அந்த மனிதர் முதலில் தன் குருநாதரைப் பற்றிச் சொன்னார். பிறகு தன் கல்லூரிக் காலத்தைச் சொன்னார். பிறகு ஒரு கழுத்துவலித் தைலம் விற்றார். ஒரு வரியைப் பிடிக்க மூன்று தடவை நிறுத்தினேன். நிறுத்த நினைத்தால் வேகமாக ஓடுகிறது, ஓட்ட நினைத்தால் நின்றுவிடுகிறது. நடுவில் எங்கள் அனுமதி இல்லாமல் ஒரு பெயிண்ட் விளம்பரம் வந்தது. நான் தவறவிட்ட இடத்தையெல்லாம் இவர் கண்ணை மூடிக்கொண்டே எடுத்துக் கொடுத்தார். எல்லாம் அவருக்கு மனப்பாடம். தைலத்தின் பேர் உட்பட.

"இம்புட்டையுமா தினமும் கேட்டீங்க?" என்றேன்.

"வேற வழி?" என்றார்.

ஒன்றையும் விடாமல் பார்த்தேன். எல்லாவற்றையும் கட்டை எழுத்தில் எழுதினேன், இடது கண்ணுக்கும் ஆப்பரேஷன் ஆகிற வரைக்கும் அவருக்கு உதவும். நயினாருக்கு வீடியோவை இவர் கையாலேயே அனுப்பச் சொன்னேன். பிள்ளையாரைப் பார்த்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஏற்றுக்கொண்டார் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

கடைசியில் அந்த மனிதர் கைகூப்பி, மறக்காமல் லைக் போடுங்கள் என்றார்.

"போடுளா, பாவம்" என்றார் இவர்.

பார்த்தேன் என்று சொன்னேன், எழுதினேன் என்று சொன்னேன். பிடித்திருந்தது என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. போடவில்லை.